ஒரு ஜாண் உயரத்தில் ஓர் எட்டு

தையல்நாயகியின் ஸ்கூட்டர் தரையை விட்டு ஒரு ஜாண் உயரம் எழும்பியதை, மார்கழி மாதத்து இரண்டாம் வியாழக்கிழமை காலை பத்தே முக்கால் மணிக்கு, டவுன் லைசென்ஸ் ஆபீசுக்குப் பின்னால் இருக்கிற பொட்டல் மைதானத்தில், வண்டி ஓட்டிக் காட்ட வந்திருந்த நாற்பது பேரும், அவர்களைக் கூட்டி வந்த டிரைவிங் ஸ்கூல்காரர்கள் மூன்று பேரும், வேர்க்கடலை விற்கிறவர் ஒருவரும் கண்ணால் பார்த்திருக்கிறார்கள் என்பதால், இது நாணல்கோட்டகத்துக்காரர்களான நாங்கள் கட்டிவிட்ட கதை என்று யாராவது சொன்னால் அந்த நாற்பத்து நாலு பேரையும் போய்க் கேட்டுக்கொள்ளட்டும்; எங்களுக்கு வேறு வேலை இருக்கிறது. ஏன் எழும்பியது என்று மட்டும் கேட்காதீர்கள். மழை ஏன் பெய்கிறது என்று கேட்டுக்கொண்டா நாங்கள் நாற்று விடுகிறோம்?

தையல்நாயகி எங்கள் ஊர் தபால்காரர் மகள். இரண்டு வயதில் போலியோ வந்து இரண்டு காலும் சூம்பிப்போனதால், இரண்டு கட்டைகளை அக்குளில் இடுக்கிக்கொண்டுதான் நடப்பாள். அவளைத் தூக்காத கை எங்கள் ஊரில் கிடையாது. பள்ளிக்கூடத்துப் படியில் தூக்கினோம், மினி பஸ்ஸில் தூக்கி ஏற்றினோம், தேர் பார்க்கத் தூக்கிக்கொண்டு போனோம், ரத்தப் பரிசோதனைப் படிப்பு படிக்க அவள் டவுனுக்குப் போன இரண்டு வருஷமும் காலையில் தூக்கி ஏற்றிச் சாயங்காலம் தூக்கி இறக்கினோம், இதையெல்லாம் வெளியூர்க்காரர்களிடம் எங்கள் ஊரின் பெருமையாகச் சொல்லியும் வந்தோம். தூக்கப்பட்டவளுக்கு அது எப்படி இருந்தது என்று ஒருவரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள், அவள் வாய் அப்படி.

முப்பத்து நாலாவது வயதில் அவளே ஒரு ஸ்கூட்டர் வாங்கி, ஜபருல்லா பாயின் லேத் பட்டறையில் கொண்டுபோய் நிறுத்தி, பின்சக்கரத்துக்கு வலப்பக்கம் ஒன்றும் இடப்பக்கம் ஒன்றுமாக இரண்டு சின்னச் சக்கரங்கள் வைக்கச் சொன்னாள். பாய் சக்கரம் வைத்தார், அவள் கட்டையிலிருந்து அப்படியே நழுவி உட்காருகிற அளவுக்கு சீட்டைத் தாழ்த்தினார், கட்டைகளைச் செருகிக்கொள்ளப் பக்கவாட்டில் ஒரு குழாய் வைத்து வெல்டிங் அடித்தார், பிறகு நாலு நாள் தூக்கம் வராமல் அந்த வண்டியைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார். டவுனில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் தையல்நாயகிக்கு வேலை தயாராக இருந்தது. பன்னிரண்டு ஊர்களுக்குப் போய், சர்க்கரை நோய்க்காரர்களின் வீட்டிலேயே ரத்தம் எடுத்து வர வேண்டும். லைசென்ஸ் இல்லாமல் ரோட்டில் அனுப்ப மாட்டேன், மாசி மாதம் முடியும்வரை இடத்தைக் காலியாக வைத்திருக்கிறேன், அதற்குமேல் முடியாது என்று அந்த நிலையத்து டாக்டரம்மா சொல்லிவிட்டார். பழகுவதற்காகக் கொடுத்த எல்.எல்.ஆர் என்கிற காகிதமும் மாசிக் கடைசியோடு செத்துப்போகும். ஆகவே அவளுக்கு வேண்டியது ஒரே ஒரு எட்டு.

எட்டு என்பது வேறொன்றுமில்லை. மைதானத்தில் சுண்ணாம்பால் பெரிய எட்டு ஒன்று போட்டிருப்பார்கள், அதன்மேலேயே வண்டியை ஓட்டிக்கொண்டு வர வேண்டும், எந்த இடத்திலும் காலை ஊன்றிவிடக் கூடாது, ஊன்றினால் ஃபெயில். அதைப் பார்த்துப் பாஸ் போடுகிறவர் பிரேக் இன்ஸ்பெக்டர் ஞானப்பிரகாசம். நல்ல மனிதர்தான், தன் டிபன் பாக்ஸில் பாதியைத் தினமும் மைதானத்து நாய்க்கு வைக்கிறவர்தான், ஆனால் விதிப் புத்தகத்தில் இருப்பதற்கு ஒரு எழுத்து கூடுதலாகவும் செய்ய மாட்டார், குறைவாகவும் செய்ய மாட்டார். மார்கழி முதல் வியாழக்கிழமை அவர் தையல்நாயகியின் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார்.

"இது என்னம்மா?"

"சைடு வீலு சார். ஜபருல்லா பாய் பட்டறையில போட்டது."

"தரையில படுதே."

"பட்டாத்தான் சார் வண்டி நிக்கும்."

"எட்டுப் போடுறப்ப வண்டியத் தாங்குறது எதுவும் தரையில படக் கூடாதும்மா. மத்தவன் ஒரு நிமிஷம் கால ஊன்றினாலே ஃபெயிலு போடுறேன். நீ ரெண்டு பக்கமும் ஊன்றிக்கிட்டே வர்றே."

"அத எடுத்துட்டா நான் விழுந்துடுவேன் சார்."

"நானும் அதத்தாம்மா சொல்றேன். விழாம ஓட்டணும். அதுக்குப் பேருதான் டெஸ்ட்டு."

இப்படியாக, இரண்டு வயதிலிருந்து நிமிர்ந்து ஒரு காலையும் தரையில் ஊன்றாத எங்கள் தையல்நாயகி, கால் ஊன்றிவிட்டாள் என்ற கணக்கில் ஃபெயிலானாள்.

அடுத்த வியாழக்கிழமை அவள் மறுபடி போனாள். சைடு வீலைக் கழற்றவில்லை. முதல் வளைவில் ஒன்றும் நடக்கவில்லை. எட்டின் இடுப்பில், இரண்டு வட்டமும் சேருகிற இடத்துக்கு வந்தபோது, வண்டி பால் பொங்குவதைப் போல மெதுவாக எழும்பியது, பெரிய சக்கரம் இரண்டும் சின்னச் சக்கரம் இரண்டும் சுற்றிக்கொண்டே மேலே வந்தன, ஒரு ஜாண் உயரத்தில் வந்து நின்றுகொண்டன, அதே உயரத்தில் அவள் இரண்டாம் வட்டத்தையும் சுற்றி முடித்தாள். வேர்க்கடலைக்காரர், "பாத்தும்மா, மேல கரண்டு கம்பி போவுது" என்றார். டிரைவிங் ஸ்கூல்காரர்கள், தங்கள் ஆட்களுக்கு இன்னும் நேரமாகுமா என்று கைக்கடிகாரத்தைப் பார்த்தார்கள். இன்ஸ்பெக்டர் ஞானப்பிரகாசம் டேப் எடுத்துவரச் சொல்லி, மண்டியிட்டு, நாலு சக்கரத்துக்கும் அடியில் தனித்தனியாக அளந்து, ஒன்பது அங்குலம் என்று எழுதிக்கொண்டார்.

"பக்கத்துச் சக்கரம் படலை. சரி. பாஸு போடலாம்னு பேனாவத் தொறந்துட்டேன். ஆனா பெரிய சக்கரமும் படலியேம்மா."

"பட்டாலும் ஃபெயிலு, படாட்டியும் ஃபெயிலா சார்?"

"ரோட்டுல ஓடுற வண்டிக்குத்தான் நான் லைசென்ஸ் குடுக்க முடியும். இது ரோட்டுக்கு மேல ஓடுது. அது எங்க டிபார்ட்மென்ட் இல்ல. பெரிய சக்கரம் ரெண்டும் தரையில படணும், சின்னச் சக்கரம் ரெண்டும் படக் கூடாது. அப்புடி ஒரு எட்டுப் போட்டுட்டு வா, சந்தோஷமாப் பாஸு போடுறேன்."

அவள் அப்படியே ஒரு ஜாண் உயரத்திலேயே ஊருக்கு வந்து சேர்ந்தாள். கடைத்தெருவில் உட்கார்ந்திருந்த நாங்கள் எல்லோரும் எழுந்து நின்று ஒரே குரலில் கேட்டோம்.

"என்னா தையலு, பாஸா?"

"ஃபெயிலு."

"ஏனாம்?"

"ஒசரமாப் போயிட்டு."

அதற்கென்ன, அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டு நாங்கள் டீயைக் குடித்தோம்.

வண்டி அதற்குப் பிறகு இறங்கவில்லை. ஓடினாலும் ஒரு ஜாண், நின்றாலும் ஒரு ஜாண். மார்கழி மாதம் என்பதால் தெரு முழுக்கக் கோலம். மற்ற வண்டிகள் தாமரைப்பூவின் நடுவிலும் மயிலின் கழுத்திலும் டயரை ஏற்றி இழுத்துக்கொண்டு போக, தையல்நாயகி மட்டும் ஒரு புள்ளியும் கலையாமல் எல்லாக் கோலங்களுக்கும் மேலாகப் போனாள். அவள் கடந்து போன கோலம் வீட்டுக்கு நல்லது என்று யாரோ சொல்லிவைக்க, அவள் புறப்படுவதற்குள் கோலத்தை முடித்துவிட வேண்டும் என்று பெண்கள் விடிவதற்கு முன்பே தண்ணீர் தெளிக்க ஆரம்பித்தார்கள். பஞ்சாயத்திலிருந்து கீழத் தெருவுக்கு சிமெண்ட் ரோடு போட்டு மூன்று நாள் யாரும் கால் வைக்கக் கூடாது என்றபோது, அந்தத் தெருவின் நாற்பது வீட்டுக்கும் பாலும் மளிகையும் மாத்திரையும் கொண்டுபோய்க் கொடுத்தவள் அவள்தான். நாய்கள் கொஞ்ச நாள் துரத்திப் பார்த்து, சக்கரம் தரையில் இல்லாத வண்டியை எந்த இடத்தில் கடிப்பது என்று தெரியாமல் விட்டுவிட்டன. கோழிக்குஞ்சுகள் வெயிலுக்கு அதன் அடியில் வந்து நின்றன. பஞ்சர் கடைக்காரர் மட்டும் அவளைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அக்கம்பக்கத்து ஊர்களிலிருந்து ஆட்கள் தங்கள் மோட்டார் சைக்கிள்களைத் தள்ளிக்கொண்டு ஜபருல்லா பாயிடம் வந்து, எங்கள் வண்டியையும் கொஞ்சம் ஏற்றிக் கொடுங்கள், அரை ஜாண் போதும், ரோடெல்லாம் பள்ளமாக இருக்கிறது என்றார்கள். பாய் எல்லோரிடமும் ஒரே பதிலைச் சொன்னார்: "நான் போட்டது சைடு வீலுதாம்பா. ஒசரம் அல்லா போட்டது. அதுக்கு என்கிட்ட ஸ்பேனர் இல்ல." இன்ஸ்பெக்டரிடம் இதே போல ஃபெயிலான சைடு வீல்காரர்கள் ஏழு பேர் ஒருநாள் வரிசையாகத் தங்கள் வண்டிகளில் வந்து இறங்கி, தையல்நாயகியின் வண்டியைத் தட்டிப் பார்த்து, குனிந்து பார்த்து, அவள் வீட்டில் பணியாரம் சாப்பிட்டு, உனக்கு ஏதாவது வழி தெரிந்தால் எங்களுக்கும் சொல் என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

தை பிறந்து அறுவடை ஆனதும் எங்கள் சந்தோஷத்துக்கு அளவே இல்லாமல் போய்விட்டது. எங்கள் பக்கத்தில் நெல்லைக் காய வைப்பது தார் ரோட்டில்தான். இரண்டு மைல் நீளத்துக்கு ரோட்டின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை பரப்பிவிடுவோம், எந்த வண்டிக்கும் வழி விட மாட்டோம், வேண்டுமானால் மேலே ஏறிப் போகட்டும். தையல்நாயகியின் வண்டி போனால் ஒரு மணியும் நசுங்கவில்லை என்பது மட்டுமல்ல, வண்டிக்கு அடியில் ஓடுகிற காற்று பதரை எல்லாம் கிளப்பி ஓரமாகத் தள்ளிவிட்டு நல்ல நெல்லை மட்டும் புரட்டிப் போட்டது. இங்கே ஒரு தடவை வந்துட்டுப் போ தாயி, அங்கே ஒரு தடவை வந்துட்டுப் போ தாயி என்று ஆளாளுக்குக் கூப்பிட்டோம். அவளும் காலையிலிருந்து சாயங்காலம் வரை போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருந்தாள்.

ஒரு விஷயத்தை நாங்கள் யாருமே கவனிக்கவில்லை. கவனித்தோம், ஆனால் அது எங்களுக்குப் பிடித்திருந்தது. பாய் அவள் இடுப்புக்குச் சரியாகத் தாழ்த்தி வைத்த சீட்டு இப்போது ஒரு ஜாண் மேலே போய்விட்டதால், அவளால் தானாக ஏறவும் முடியவில்லை, இறங்கவும் முடியவில்லை. பாய் படி வைத்துப் பார்த்தார், கட்டை வழுக்கியது. ஆகவே நாங்கள் பழையபடி அவளைத் தூக்க ஆரம்பித்தோம். விட்டுப்போன வேலை திரும்பக் கிடைத்த மாதிரி, நான் நீ என்று ஓடி வந்து தூக்கி வைத்தோம், தூக்கி இறக்கினோம். அவள் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

இதற்கிடையில் வண்டியை இறக்க அவள் செய்யாதது ஒன்றுமில்லை. டயரில் காற்றைப் பிடுங்கிப் பார்த்தாள், இரண்டு மடங்கு காற்றடைத்துப் பார்த்தாள். பாய் சொன்னபடி பின்னால் இரண்டு நெல் மூட்டை ஏற்றினாள், ஊரிலேயே கனமான ஆளான பந்தல்காரரை உட்கார வைத்தாள், கருங்கல்லைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டாள். கல்தான் தரையில் கிடந்தது. வியாழக்கிழமைதோறும் மைதானத்துக்குப் போனாள், இன்ஸ்பெக்டர் வியாழக்கிழமைதோறும் அளந்து ஒன்பது அங்குலம் என்று எழுதினார். தை முடிந்து மாசி பிறந்தது.

மாசி முதல் வாரத்தில் ரோட்டில் நெல்லைத் தள்ளிக்கொண்டிருந்த உத்திராபதியிடம்தான் அது வெடித்தது. உத்திராபதி பதினாலு மா நிலம் வைத்திருப்பவர், வரப்புக்காரர் என்று பட்டப்பெயர் வாங்கியவர். ஒரு விரற்கடை வரப்புக்காகப் பக்கத்து நிலத்து அருமைக்கண்ணோடு பதினேழு வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லாமல் இருக்கிறார். அவர் நல்லதாக நினைத்துக்கொண்டுதான் சொன்னார்.

"எறக்கணும் எறக்கணும்னு ஏன் தாயி அலையிற? இப்புடியே இரேன். ஊருக்கே ஒபகாரமால்ல இருக்கு."

தையல்நாயகி வண்டியை நிறுத்தினாள்.

"ஊருக்கு ஒபகாரம் மாமா. எனக்கு? மாசி முடிஞ்சா எல்.எல்.ஆர் போயிடும், வேலை போயிடும். ஒங்க பதரத் தூத்துறதுக்கு நான் என்ன காத்தாடியா?"

"ஏன் தாயி கோச்சுக்கிற. வண்டில ஏத்தி எறக்கி உட நாங்கல்லாம் இல்லியா?"

"அதான் மாமா எனக்குக் கஷ்டமே. கட்டையில இருந்து நானே நழுவி ஒக்காரத்தான் அந்தச் சீட்ட எறக்கச் சொன்னேன். எண்ணி எட்டு நாளு ஒக்காந்தேன். திரும்பவும் அக்குளுல கைய உட ஆரம்பிச்சுட்டீங்க. முப்பத்து நாலு வருஷமா என் அக்குளு கூசுது மாமா. ஒருத்தருகிட்டயும் சொன்னதில்ல."

ரோட்டில் நெல் தள்ளிக்கொண்டிருந்த எல்லோரும் கேட்டோம். யாருக்கும் கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அன்றைக்கு உத்திராபதி மதியச் சோற்றில் தண்ணீரை ஊற்றி வைத்துவிட்டுச் சாப்பிடாமல் எழுந்துவிட்டார் என்று அவர் சம்சாரம் பிறகு சொன்னாள்.

மூன்றாம் நாள் எதிரே மினி பஸ் வேகமாக வந்ததால் தையல்நாயகி வண்டியை ஒடித்து வயலுக்குள் இறக்கினாள். அறுத்த வயல், நடுவே உத்திராபதியின் வரப்பு. வண்டி அதன்மேல் போனபோது இரண்டு மாதமாகக் கேட்காத ஒரு சத்தம் கேட்டது, தடதடவென்று அவள் உடம்பு ஆடியது, இருபது அடி தூரம் ஆடிவிட்டு வண்டி பழையபடி சத்தமில்லாமல் மறுபக்கம் போய்விட்டது. தூரத்தில் இருந்த உத்திராபதி, என் வரப்பு, என் வரப்பு என்று கத்திக்கொண்டே ஓடி வந்தார். வந்து பார்த்தால், வரப்பின் தலையில் டயர் தடம் பதிந்திருந்தது. ஒரே ஒரு தடம். இரண்டு பக்கமும் சின்னச் சக்கரம் எங்கேயும் படவில்லை. கத்தக் குனிந்தவர் அப்படியே உட்கார்ந்து, வரப்பின் உயரத்தைக் கையை விரித்து அளந்தார். ஒரு ஜாண், நூல் பிசகாமல் ஒரு ஜாண்.

"தாயி, அங்கயே நில்லு!" என்று அவர் போட்ட சத்தத்தில் பட்டறையிலிருந்து ஜபருல்லா பாய் ஸ்பேனரோடு ஓடி வந்துவிட்டார்.

அடுத்த வியாழக்கிழமை அவர்கள் மூன்று பேரும் இன்ஸ்பெக்டர் ஞானப்பிரகாசத்தின் முன்னால் நின்றார்கள். உத்திராபதிதான் பேசினார்.

"எட்டு தரையில இருக்கணும்னு புஸ்தகத்துல போட்டிருக்கு. தரை எம்புட்டு ஒசரம் இருக்கணும்னு போட்டிருக்கா சார்?"

இன்ஸ்பெக்டர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அரை மணி நேரம் பக்கம் பக்கமாகப் புரட்டினார். எட்டின் நீளம் இருந்தது, அகலம் இருந்தது, வட்டத்தின் சுற்றளவு இருந்தது.

"ஒசரம் இல்ல" என்றார்.

"மண்ணும் தரைதானே சார்?"

"மண்ணுதான் தரை" என்றார் இன்ஸ்பெக்டர், சொல்லிவிட்டுத் தன் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். பெரிய பாரத்தை இறக்கி வைத்த களை அவர் முகத்தில் தெரிந்தது. "அளவு மட்டும் மாறக் கூடாது. சுண்ணாம்புக் கோட்டு மேலயே வரணும்."

மாசிக் கடைசி வியாழனுக்கு மூன்று நாள் முன்னாலேயே ஊரே கிளம்பிப் போனோம். எங்களுக்குத் தெரிந்த வேலை அது. எங்கள் ஊர்க்காரனுக்கு மாலை கட்டத் தெரியாது, மேடையில் பேசத் தெரியாது, வரப்புக் கட்டச் சொன்னால் தூக்கத்தில்கூடக் கட்டுவான். ஏரிக் களிமண் இரண்டு டிராக்டர் வந்தது, வைக்கோலை நறுக்கித் தூவி மிதித்தோம், மண்வெட்டியால் அணைத்தோம், பலகையால் தட்டினோம், தண்ணீர் தெளித்து மெழுகினோம், சுண்ணாம்பு எட்டின்மேல் அதே வளைவில் அதே நெளிவில் களிமண் எட்டு ஒன்று எழும்பியது. எட்டின் இடுப்பில் இரண்டு வரப்பும் வெட்டிக்கொள்கிற இடம் இருக்கிறதே, அங்கே சின்னச் சக்கரம் உரசாமல் கடக்க நாலு பக்கமும் ஒரு காடி வெட்ட வேண்டியிருந்ததால், மண் நிற்காமல் சரிந்துகொண்டே இருந்தது. அதை நிறுத்தத் தெரிந்த கை ஊரில் ஒன்றே ஒன்றுதான் என்று எல்லோருக்கும் தெரியும், உத்திராபதிக்கும் தெரியும். அவர் கொஞ்ச நேரம் வானத்தைப் பார்த்தார். பிறகு, "அருமைக்கண்ணு, நீ வந்து புடி" என்றார். பதினேழு வருஷத்துக்குப் பிறகு அவர்கள் பேசிய முதல் பேச்சு அது. அருமைக்கண்ணு வந்து பிடித்தார். கடைசியில், வரப்பென்றால் ஓர் ஓரத்தில் இறங்குவதற்குச் சரிவு வைக்காமல் இருக்கக் கூடாது என்று உத்திராபதி எட்டின் வாலில் ஒரு சரிவும் வைத்தார், அது அவர் பழக்கம்.

வியாழக்கிழமை மைதானம் கொள்ளவில்லை. அந்த ஏழு சைடு வீல்காரர்களும் முன்வரிசையில் நின்றார்கள். தையல்நாயகி உத்திராபதியைப் பார்த்து, "தூக்கி வைங்க மாமா, கூசுனா பரவாயில்ல, இதான் கடைசி" என்றாள். அவர் அக்குளில் கையை விடாமல், இரண்டு கையையும் கோத்துப் பலகை மாதிரி நீட்டினார். அவள் அதில் உட்கார்ந்து வண்டிக்கு மாறிக்கொண்டாள். இது இவ்வளவு நாள் எங்களுக்குத் தோன்றாமல் போனதே என்று பல பேர் தலையில் கை வைத்துக்கொண்டோம்.

வண்டி புறப்பட்டது. பெரிய சக்கரம் இரண்டும் களிமண்ணைத் தொட்டன, தடதடவென்ற சத்தம் வந்தது, சின்னச் சக்கரம் இரண்டும் வரப்புக்கு வெளியே இரண்டு பக்கமும் காற்றில் தொங்கிக்கொண்டு சும்மா சுற்றின. இன்ஸ்பெக்டர் ஞானப்பிரகாசம் கூனிக் குறுகி, கன்னம் தரையில் படாத குறையாக, வண்டிக்குப் பக்கத்திலேயே ஓடினார். தொப்பி விழுந்தது, எடுக்கவில்லை. முதல் வட்டம் முடிந்தது. இடுப்பில் வண்டி ஒரு குலுங்கு குலுங்கியபோது அருமைக்கண்ணு கண்ணை மூடிக்கொண்டார், மண் அசையவில்லை. இரண்டாம் வட்டமும் முடிந்தது. இன்ஸ்பெக்டர் மூச்சு வாங்கிக்கொண்டே, "படணுமுன்னு சொன்னது பட்டுட்டு, படக் கூடாதுன்னு சொன்னது படலை" என்று எங்கள் ஊர்ப் பேச்சிலேயே சொல்லிவிட்டு, நின்றபடியே பாஸ் என்று எழுதிக் கையெழுத்தும் போட்டார்.

நாங்கள் விசிலடித்துக்கொண்டிருந்ததில், வண்டி சரிவில் இறங்கியதைப் பாதிப் பேர் பார்க்கவில்லை. வரப்பு முடிந்ததும் வழக்கம் போல ஒரு ஜாண் உயரத்தில் நின்றுகொள்ளும் என்றுதான் நினைத்தோம். அது சரிவோடு சரிவாக இறங்கிக்கொண்டே போய், தரைக்கு வந்து, நாலு சக்கரத்தையும் மண்ணில் வைத்துப் புழுதியைக் கிளப்பியது. இன்ஸ்பெக்டர் சின்னச் சக்கரத்தைப் பார்த்தார், தன் கையெழுத்தைப் பார்த்தார், "எட்டு முடிஞ்ச பொறவு எது பட்டா எனக்கென்ன" என்று தொப்பியைத் தேடப் போனார்.

பழக்கத்தில் நாலைந்து பேர் தூக்கி இறக்க ஓடினோம். "யாரும் வராதீங்க" என்றாள். குழாயிலிருந்து கட்டைகளை உருவினாள், நழுவினாள், நின்றாள். மறுபடி சீட்டில் நழுவி ஏறினாள். மறுபடி இறங்கினாள். வேலை ஒன்றுமில்லை, சும்மாவேதான் ஏறி இறங்கினாள். நாங்கள் எல்லோரும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றோம், ஜபருல்லா பாய் அழுதார், அழுததை மறைக்கவும் இல்லை. மூன்றாம் தடவை ஏறியவள் ஸ்டார்ட் செய்து, நேராக ரத்தப் பரிசோதனை நிலையத்துக்குப் போய்விட்டாள். அவள் கிளப்பிய புழுதி முழுவதும் எங்கள் வாயில்தான் போயிற்று.

பிற்பாடு நடந்த ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். அந்த ஏழு பேரின் வண்டியும் எழும்பவில்லையே, அவர்களை என்ன செய்வது என்று இன்ஸ்பெக்டர் மேலிடத்துக்கு எழுதிக் கேட்டார். சைடு வீல் வண்டிக்கு எட்டே தேவையில்லை, பத்திரமாக ஓட்டுகிறார்களா என்று ரோட்டில் பார்த்தால் போதும், எப்போதும் அதுதான் விதி, உங்களிடம் இருக்கிற புத்தகத்தில் அந்தப் பக்கம் அச்சாகாமல் விட்டுப்போயிருக்கும் என்று பதில் வந்தது. இன்ஸ்பெக்டர் ஏழு பேர் வீட்டுக்கும் தானே போய் மன்னிப்புக் கேட்டு லைசென்ஸ் கொடுத்தார். களிமண் எட்டை நாங்கள் கலைக்கப் போனபோது, இருக்கட்டும் என்று சொல்லிவிட்டார்.

வண்டி இறங்கிவிட்டதில் ஊரில் கொஞ்சம் வருத்தமும் இருந்தது, பொய் சொல்வானேன். கோலம் கலைந்தது, பதரைப் பழையபடி முறத்தால் தூற்றினோம், பஞ்சர் கடைக்காரர் மட்டும் அவளைக் கண்டதும் டீ வாங்கிக் கொடுத்தார். நெல் பரப்பும்போது ரோட்டில் ஓர் ஓரமாக நாலு சக்கரம் போகிற அகலத்துக்கு இடம் விட்டோம். யாரும் யாரிடமும் சொல்லிக்கொண்டு விடவில்லை.

பங்குனி முதல் தேதி காலை ஏழே முக்காலுக்கு, நீல நிறக் கோட்டும் தோளில் ஐஸ் பெட்டியுமாக அவள் முதலில் போனது உத்திராபதி வீட்டுக்கு. அவருக்கு ஏழு வருஷமாகச் சர்க்கரை. அவர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு வாசலில் நாற்காலி போட்டுத் தயாராக உட்கார்ந்திருந்தார்.

"சாப்ட்டீங்களா மாமா?"

"நாலே நாலு இட்லிதான் தாயி."

"வெறும் வயித்துல எடுக்கணும் மாமா. நேத்தே சொல்லி அனுப்புனேன்ல."

"அப்ப என்னா பண்றது?"

"நாளைக்கிக் காலையில ஆறு மணிக்கு வர்றேன்."

"யாரு தாயி கொண்டாந்து..." என்று ஆரம்பித்த உத்திராபதி, வாயை மூடிக்கொண்டார். முப்பத்து நாலு வருஷத்தில் தையல்நாயகி ஒருவரிடம் நேரம் குறித்து வருகிறேன் என்று சொன்னது அதுதான் முதல் தடவை. கல்யாணத்துக்குக் கூப்பிட்டாலும் காதுகுத்துக்குக் கூப்பிட்டாலும், யாராவது கூட்டிட்டு வந்தா வர்றேன் என்பதுதான் அதுவரை அவள் பதில், நாங்களும் அதை ஒரு பதிலாகவே நினைத்திருந்தோம். உத்திராபதி அன்றைக்கு ராத்திரி எட்டு மணிக்கே சாப்பிட்டுப் படுத்து, மறுநாள் விடிவதற்கு முன்பே எழுந்து, தண்ணீரைத் தவிர ஒன்றும் குடிக்காமல் வாசலில் வந்து உட்கார்ந்தார்.

ஆறு மணிக்கு வந்தாள்.